பெரட்டுக்கு முன் எரியும் தூசு

மே மாதத்தின் முதல் வாரம், விடியற்காலை ஐந்து மணி. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரமெல்லாம் ரப்பர்க் காடாக இருந்த காலத்தில் இந்த நேரத்துக்கு லயத்து வீடுகளில் அடுப்பு எரிந்து முடிந்திருக்கும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வாளிகளைக் காண்டாவில் மாட்டிக்கொண்டு ஆட்கள் பெரட்டுக் களத்துக்கு நடப்பார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குள் இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுதியாக இருக்கும். அப்போது சீவினால்தான் மங்கில் பால் நிறையும். ரப்பர் மரத்தின் இந்தக் குணத்தால் மூன்று தலைமுறைத் தமிழர்கள் விடியலுக்கு முந்தைய வானத்தின் கீழ் நடந்து பழகினார்கள்.

அந்த நடையில் சில நாள் கிழக்கே ஒரு கீற்று ஓடும். நீளமாக, படுவேகமாக ஓடி, பக்கத்தில் வருபவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மறைந்துவிடும். எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் மறதி வரும், உடனே பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். ரப்பர்க் காட்டில் அதற்குப் பஞ்சமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பரிகாரம் நின்றுகொண்டிருந்தது.

மே மாத விடியலில் ஓடும் அந்தக் கீற்றுகளில் பெரும்பாலானவை ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசு.

ஹாலி சுமார் 76 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. சூரியனை நெருங்கும்போதெல்லாம் அதன் மேல்பனி ஆவியாகிப் பீறிடும். கூடவே தூசும் கிளம்பி, மணல் லாரி போன சாலையில் மணல் சிந்திக் கிடப்பதுபோல் பாதை நெடுகச் சிதறும். பூமி இந்தச் சாலைக்கு அருகே ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. மே முதல் வாரத்தில் தெரிவது ஈட்டா அக்குவாரிட்ஸ், அக்டோபர் 21ஐ ஒட்டித் தெரிவது ஓரியானிட்ஸ். பெயர் இரண்டானாலும் தூசு ஒன்றுதான். நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் அது காற்றில் நுழைகிறது. கோல சிலாங்கூரில் புறப்பட்டு ஒரே நொடியில் கோலாலம்பூரைத் தாண்டிவிடும் வேகம் அது. சாதாரணக் கீற்று ஒன்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு மணல் பருக்கை அளவுதான். நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20இல் வந்தது. அமாவாசை இருட்டும் ஓரியானிட்ஸ் உச்சமும் அந்த ஆண்டு ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. எண்ணெய் தேய்த்துக் குளிக்க இருட்டோடு எழுந்தவர்கள், மேகம் விலகியிருந்தால், கொல்லைப்புறத்தில் நின்றே ஹாலியின் பழைய தூசைக் கண்டிருக்கலாம்.

ஹாலியே நேரில் வந்த 1910ஆம் ஆண்டு மலாயாத் தமிழர்களுக்கு வேறு விதத்திலும் முக்கியமானது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுக்கும் முறை இங்கே முடிவுக்கு வந்தது அந்த ஆண்டில்தான். கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வருவது அதன்பின் பெருகியது. ரப்பர் விலை கண்டபடி ஏறி, சிலாங்கூர்க் காடுகள் அவசர அவசரமாக அழிக்கப்பட்டு, நாற்று நடப்பட்ட காலம் அது. அந்த மே மாத விடியல்களில் கிழக்கே நீண்ட வாலோடு ஹாலி நின்றது. மே 6இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்துபோனார். வால்நட்சத்திரம் அரசனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையோடு கப்பலேறி வந்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்பட்டிருக்காது. நமக்குத்தான் மூடநம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். வாலில் நச்சு வாயு இருக்கிறது, பூமி அதற்குள் நுழையப் போகிறது என்று செய்தி பரவியதும் அமெரிக்காவில் ‘வால்நட்சத்திர மாத்திரை’ விற்றுக் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள்.

வடமொழியில் இதற்குத் தூமகேது என்று பெயர். புகையைக் கொடியாகக் கொண்டது என்று பொருள். தமிழில் புகைக்கொடி. பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் பொருத்தம் துல்லியமாக விழுந்துவிட்டது. வாலில் ஒளியைச் சிதறடிக்கும் துகள்களில் பெரும்பகுதி புகைத் துகள் அளவுதான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் ஹாலியின் கருவை 600 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. தூசு மோதி அதன் கேமரா கெட்டுப்போனது. கெடுவதற்கு முன் அனுப்பிய படங்களில் கண்டது வெள்ளைப் பனிக்கட்டியை அல்ல. மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் கரு திருப்பி அனுப்பியது. தோட்டத்து ஸ்மோக் ஹவுஸ் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்த கரி போன்ற கறுப்பு. தூசிலும் பாதிக் கதை கரியாகவே இருந்தது. கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய நான்கும் சேர்ந்த துகள்கள் ஏராளம்.

இந்தக் கரித்தூசுக்காக விண்கலம் மேல் விண்கலமாக அனுப்பிக் கோடிகளைச் செலவழிப்பதற்குக் காரணம் உண்டு. பூமியிடம் தன் பிறப்புப் பத்திரம் இல்லை. சூரியக் குடும்பம் பிறந்து 456 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பூமி தோன்றிய புதிதில் உருகிக் கொதித்தது. அதன்பின் எரிமலை, மழை, கண்ட நகர்வு எல்லாம் பழைய பாறையைத் திரும்பத் திரும்ப அரைத்து மாவாக்கிவிட்டன. இன்று கையில் கிடைக்கும் மிகப் பழைய கனிமத் துணுக்குகளே ஆஸ்திரேலியாவில் எடுத்த 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் பொடிகள்தாம். அதற்கு முந்தைய பக்கம் கிழிந்துபோய்விட்டது. பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்த தோட்டத்து மக்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும். வேறு எங்காவது பதிவு இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான். சூரியனிலிருந்து வெகுதூரத்தில், எதையும் சமைக்காத குளிரில், அன்றிலிருந்து அப்படியே உறைந்து கிடப்பவை வால்நட்சத்திரங்கள். பதிவேடு அவற்றில் இருக்கலாம் என்று தேடல் தொடங்கியது.

கீற்றுகளுக்கும் வால்நட்சத்திரத்துக்கும் உள்ள உறவு நிலைபெற்ற கதையில் சென்னைக்கும் ஒரு காட்சி உண்டு. பியேலா என்ற வால்நட்சத்திரம் சுமார் ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. 1846இல் வந்தபோது அது இரண்டாகப் பிளந்திருந்தது. 1852இல் இரட்டையாகவே வந்து போனது. அதன்பின் காணவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, அது வரவேண்டிய பாதையைப் பூமி கடந்தபோது, ஐரோப்பிய வானத்தில் எரிநட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் கொட்டின. செத்த வால்நட்சத்திரத்தின் சாம்பல் அது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபியூஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. பூமியை உரசிப் போனதன் மிச்சம் இப்போது எதிர்த் திசையில், தென்வானத்தில் தெரிய வேண்டும், ஜெர்மனியிலிருந்து பார்க்க முடியாது, சென்னையிலிருந்து பார்க்கலாம். உடனே சென்னை வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சனுக்குத் தந்தி பறந்தது: பியேலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா செண்டாரிக்கு அருகே தேடவும்.

சென்னையில் மேகம். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு விடியல்கள் மட்டும் வானம் வழிவிட்டது. போக்சன் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார், மறுநாளும் கண்டார். பிறகு மறுபடி மேகம் மூடிக்கொண்டது. அவர் குறித்த இடங்களை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் அது பியேலாவாக இருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் தேடச் சொன்ன இடத்தில் வந்து நின்ற அந்த வால்நட்சத்திரம் எது? இன்றுவரை விடையில்லை. ஆனால் தந்தி சொன்ன அடிப்படை நியாயம் தப்பவில்லை. வால்நட்சத்திரம் உதிர்ந்தால் தூசு, தூசு எரிந்தால் கீற்று.

தமிழ்நாட்டுக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது பார்ட் போக், கோர்டன் நியூகிர்க் ஆகியோரோடு சேர்ந்து ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது அவர்கள் மூவரின் பெயரையும் தாங்குகிறது. பின்னாளில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவரும் அவரே.

தூசில் என்ன இருக்கிறது என்பதற்கு விண்கலங்களுக்கு முன்பே சூரியன் ஒருமுறை விடை சொல்லியது. 1965 அக்டோபர் 21இல் இக்கேயா செக்கி வால்நட்சத்திரம் சூரியனின் மேற்பரப்புக்கு நான்கரை லட்சம் கிலோமீட்டர் அருகே போனது. அந்தச் சூட்டில் பனி மட்டுமல்ல, தூசே ஆவியானது. அப்போது எடுத்த நிறமாலையில் இரும்பு, நிக்கல், குரோமியம், செம்பு, கால்சியம் ஆகியவற்றின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. சூரியனைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்த பிறகு அக்டோபர் கடைசியில் அதன் வால் விடியல் வானத்தில் நெட்டுக்குத்தாக நின்றது. மரம் சீவப் போன ஆட்களுக்கு நேரே எதிரில்தான்.

ஆனாலும் தூரத்திலிருந்து ஒளியைப் பார்த்துச் சொல்வது வேறு, கையில் எடுத்துப் பார்ப்பது வேறு. எடுத்து வருவதற்காகவே 1999 பிப்ரவரி 7இல் நாசா ஸ்டார்டஸ்ட் விண்கலத்தை அனுப்பியது. அதைத் தலைமையேற்று நடத்தியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டொனால்டு பிரவுன்லீ. இலக்கு வில்ட் 2 என்ற வால்நட்சத்திரம். அதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. வெகுகாலம் தொலைவில் சுற்றிக்கொண்டிருந்த வில்ட் 2, 1974இல் வியாழனுக்கு மிக அருகே போனபோது பாதை மாறி உள்ளே இழுபட்டது. அதனால் சூரியச் சூட்டில் அதிகம் வேகாத புதுச்சரக்கு.

சிக்கல் வேகத்தில் இருந்தது. விண்கலமும் வால்நட்சத்திரமும் எதிர்ப்படும் வேகம் நொடிக்கு ஆறு கிலோமீட்டர். துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் வரும் புகைத் துகளை நொறுங்காமல் எப்படிப் பிடிப்பது? கண்ணாடியில் மோதினால் ஆவியாகிவிடும். எண்ணெய், மெழுகு எதுவும் விண்வெளியில் நிற்காது. விடை ஏரோஜெல். மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளோ அதே சிலிக்காவைக்கொண்டு செய்த நுரை. ஆனால் நூற்றில் 99 பங்குக்கு மேல் வெறும் காற்று. கையில் வைத்தால் உறைந்த நீலப் புகை மாதிரி இருக்கும், எடை தெரியாது. டென்னிஸ் மட்டை வடிவச் சட்டத்தில் இந்த நுரைக் கட்டிகளைப் பதித்து, 2004 ஜனவரி 2 அன்று வில்ட் 2இன் தூசு மண்டலத்தில் நீட்டினார்கள். விண்கலம் கருவிலிருந்து 240 கிலோமீட்டருக்குள் கடந்தது. ஒவ்வொரு துகளும் நுரைக்குள் புகுந்து, முள்ளங்கி வடிவத்தில் ஒரு துளை போட்டு, முள்ளங்கியின் நுனியில் போய் நின்றது.

2006 ஜனவரி 15 விடியலுக்கு முன் சரக்கைச் சுமந்த கூடு யூட்டா பாலைவனத்தில் பாராசூட்டில் இறங்கியது. உள்ளே இருந்த வால்நட்சத்திரத் தூசு மொத்தம் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு சிட்டிகை உப்புகூட இல்லை. ஏழாண்டு அலைச்சலுக்கு இது போதுமா என்று கேட்கத் தோன்றும். அறிவியலாளர்களுக்கு அது போதும், பல பத்தாண்டு வேலைக்கே போதும். ஒரு துகளை நூறு சீவல்களாகச் சீவி, நாலைந்து நாட்டு ஆய்வகங்களுக்குப் பங்கு போட்டு அனுப்ப இன்று முடியும்.

இனித்தான் ஆச்சரியம். எதிர்பார்த்தது என்னவென்றால், இது சூரியனுக்கு முன்பே இருந்த விண்மீன்களின் தூசாக இருக்கும், உருகாமல், வேகாமல், ஒழுங்கற்ற கண்ணாடித் துகள்களாக இருக்கும் என்பது. திட்டத்தின் பெயரே ‘விண்மீன் தூசு’ என்பதுதான். கூட்டைத் திறந்து பார்த்தபோது அப்படிப்பட்டவை மிகச் சொற்பம். பெரும்பகுதி பளபளக்கும் படிகங்கள். ஆலிவின், பைராக்சின் போன்ற, நம் எரிமலைப் பாறைகளில் இருக்கும் கனிமங்கள். இன்டி என்று பெயரிட்ட ஒரு துகளில் கால்சியமும் அலுமினியமும் செறிந்த கனிமங்கள் இருந்தன. இன்டி, தென் அமெரிக்க இன்கா மக்களின் சூரியக் கடவுள். பெயர் பொருத்தம்தான். அந்தக் கனிமங்கள் உருவாக ஆயிரம் பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். சூரியனுக்கு மிக அருகே மட்டுமே கிடைக்கும் சூடு.

பனிக்கட்டிக்குள் அடுப்புச் சாம்பல். எப்படி வந்தது?

பள்ளிப் பாடத்தில் சூரியக் குடும்பத்தின் பிறப்பு மிகவும் ஒழுங்கான கதை. ஒரு வாயு மேகம் சுருங்குகிறது, தட்டையாகச் சுழல்கிறது. நடுவில் சூடு, அங்கே பாறைக் கோள்கள். ஓரத்தில் குளிர், அங்கே பனிக் கோள்கள். அவரவர் இடத்தில் அவரவர். தோட்டத்தில் துரை பங்களா குன்றின் மேலும், கிராணி வீடு நடுவிலும், லயம் பள்ளத்திலும் இருந்த மாதிரி ஒரு வரிசை. வில்ட் 2 இந்த வரைபடத்தைக் கலைத்துவிட்டது. சூரியன் வாசலில் வெந்த பொடிகள், நெப்டியூனுக்கும் அப்பால் இருந்த குளிர்வரை எப்படியோ தூக்கிச் செல்லப்பட்டிருக்கின்றன. இளஞ்சூரியனின் துருவங்களிலிருந்து பீறிட்ட காற்று வீசியெறிந்திருக்கலாம். சுழல் தட்டுக்குள்ளேயே கொந்தளிப்பு கிளம்பி மெல்ல மெல்ல வெளியே தள்ளியிருக்கலாம். எந்த வழி என்பதில் சண்டை ஓயவில்லை; கலந்தது மட்டும் உறுதி.

எப்போது கலந்தது என்பதையும் ஒரு துகள் கொஞ்சம் சொல்லியது. ஐரிஸ் என்று பெயரிட்ட அந்தத் துணுக்கு, ஒருமுறை உருகி உறைந்த பாறைத் துளி. சூரியக் குடும்பத்தின் தொடக்கத்தில் அலுமினியம் 26 என்ற கதிரியக்க வகை இருந்தது. ஏழு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். ஐரிஸில் அதன் சுவடே அகப்படவில்லை. அதாவது முதல் திடப்பொருள்கள் உருவாகிக் குறைந்தது 30 லட்சம் ஆண்டு கழித்தே இந்தத் துளி உருகியிருக்கிறது. அதற்கும் பிறகுதான் அது வில்ட் 2க்குள் போய்ச் சேர்ந்திருக்க முடியும். வால்நட்சத்திரங்கள் ஒரே மூச்சில் உறைந்துபோனவை அல்ல. லட்சக்கணக்கான ஆண்டுகளாக வந்த சரக்கைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

2009இல் அதே நுரைக்குள் கிளைசின் இருப்பது உறுதியானது. நம் உடலின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் மிக எளியது அது. ஆய்வகத்தில் யாராவது தொட்டதால் ஒட்டியதா என்ற சந்தேகம் வந்தது. அதிலுள்ள கரிமத்தின் வகையை அளந்து பார்த்து, பூமியில் உள்ளது அல்ல என்று உறுதி செய்தார்கள். ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை 67பி என்ற வால்நட்சத்திரத்தோடு கூடவே பயணம் செய்து, அங்கேயும் கிளைசினை நேரடியாக முகர்ந்தது. அதன் கருவிகளில் சிக்கிய தூசு, தொட்டால் உதிரும் பஞ்சுப் பொதி போல இருந்தது. எடையில் ஏறக்குறையப் பாதி கரிமச் சேர்மங்கள்.

கடல் நீர் வால்நட்சத்திரங்கள் கொண்டுவந்ததா என்ற பழைய கேள்விக்கும் தூசு குறுக்கே வந்து நின்றதுதான் வேடிக்கை. 67பியின் நீரில் கனமான ஹைட்ரஜன் பூமிக் கடல்களைவிட மூன்று மடங்கு அதிகம் என்று ரொசெட்டா குழு 2014இல் அறிவித்தது. அப்படியானால் நம் கடல் அங்கிருந்து வந்ததல்ல என்று பலர் கோப்பை மூடினார்கள். 2024இல் பழைய அளவுகளை மறுபடி எடுத்துப் பார்த்த குழு ஒன்று, கருவின் அருகே தூசில் ஒட்டிய நீர்தான் கணக்கை ஏற்றிக் காட்டியது என்றது. மூடிய கோப்பு மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. கோல சிலாங்கூர்க் கரையில் வந்து மோதும் அலையில் வால்நட்சத்திரத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால், சற்று நிதானித்துக் கேட்பது நல்லது.

கோல சிலாங்கூரில் டச்சுக்காரர்கள் 1784இல் ஆல்ட்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்ட கோட்டை நின்ற புக்கிட் மெலாவத்தியில் இன்று பிறை பார்க்கும் பைத்துல் ஹிலால் கட்டடம் இருக்கிறது. நோன்பு தொடங்குமுன் அதிகாரிகள் அங்கிருந்து மேற்குக் கடலின் மேல் பிறையைத் தேடுவார்கள். வால்நட்சத்திரத் தூசு அந்த நேரக் கணக்குகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. உண்மை விடியலுக்கு முன் கிழக்கே கோபுர வடிவில் ஒரு மங்கல் வெளிச்சம் எழும். கொஞ்ச நேரத்தில் உண்மை விடியல் அதை விழுங்கிவிடும். அரபு மரபில் அதற்குப் பொய் விடியல் என்று பெயர். ஓநாயின் வால் என்றும் சொல்வார்கள். அதைக் கண்டு ஏமாந்து சுபுஹ் தொழக்கூடாது என்பது விதி. கோள்களுக்கிடையே தட்டையாகப் பரவிக் கிடக்கும் தூசின்மேல் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதுதான் அந்த வெளிச்சம். அந்தத் தூசில் பெரும்பங்கு வால்நட்சத்திரங்கள் உதிர்த்தது என்பதே இன்றைய கணிப்பு. நம்மைப்போல் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு அது நிமிர்ந்து எழுவதால் நன்றாகத் தெரியும். விடியல் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை. 2019 கடைசியில் சிலாங்கூரில் சுபுஹ் நேரம் எட்டு நிமிடம் தள்ளி வைக்கப்பட்டது. சூரியன் அடிவானத்துக்கு 20 பாகை கீழே என்றிருந்த அளவு 18 பாகையானது.

இந்தத் தூசை ஆராய்ந்து 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கியவர் பிரையன் மே. குவீன் இசைக்குழுவின் கிதார்க் கலைஞர். ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனவர், முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து முடித்தார். இசைக்காரர்களுக்கும் தூசுக்கும் ஏதோ உறவு இருக்கிறது. நார்வேயின் ஜாஸ் கலைஞர் யோன் லார்சன், நகரத்துக் கட்டடங்களின் கூரைத் தண்ணீர்க் காலில் தேங்கும் சகதியில் விண்தூசு கிடைக்கும் என்று நம்பித் தேடினார். அறிவியலாளர்கள் சிரித்தார்கள். லண்டனின் மேத்யூ கெஞ்சோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளின் 300 கிலோ சகதியிலிருந்து சுமார் 500 துகள்களை அவர் எடுத்துக் காட்டினார். சிரிப்பு நின்றது.

பூமியின் தரையை வந்தடையும் இத்தகைய நுண்தூசு ஆண்டுக்குச் சுமார் 5,200 டன் என்று அண்டார்டிகாப் பனியை உருக்கிக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு வால்நட்சத்திரங்களிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கண்ணுக்குத் தெரியக்கூடிய பருமனில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. அப்படிப் பார்த்தால் ஐம்பது சதுர மீட்டர் லயத்துத் தகரக் கூரையில் ஆண்டுக்கு ஐம்பது. கூரைத் தண்ணீரைத் தோம்பில் பிடித்துக் குளித்த தலைமுறை அதைத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறது. காந்தத்தை எடுத்துக்கொண்டு கூரை ஏற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தகரத்தின் துரு, பற்றவைப்புப் பட்டறையின் பொறி, லாரி பிரேக்கின் பொடி எல்லாமே காந்தத்தில் ஒட்டும், சில குட்டி உருண்டையாகவும் இருக்கும். உண்மையானதைப் பிரிக்க நுண்ணோக்கியும் பொறுமையும் வேண்டும். பெர்ஜுந்தையில் ஈயக் கப்பல்கள் குளம் குளமாகச் சேற்றை அள்ளி, ஈய மணலைத் தனியே பிரித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விகிதம் புதிதல்ல.

கூரைகள் குறைந்துவிட்டன, லயங்களே குறைந்துவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தமிழ்ப் பெயர் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் 1917இல் செம்பனை நட்டார்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பின்னாளில் வட்டாரம் முழுக்க ரப்பரை அழித்துச் செம்பனை ஏறியது. குலை வெட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும், தலைவிளக்கோடு இருட்டில் மரம் மரமாகப் போக வேண்டியதில்லை. விடியலுக்கு முந்தைய வானத்தோடு இருந்த பழக்கம் அப்படியே விட்டுப்போனது. ஊரும் வெளிச்சமாகிவிட்டது. கம்போங் குவாந்தான் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் ஒன்றாகக் கண்சிமிட்டும் மின்மினிகளுக்கு எந்த வெளிச்சம் எதிரியோ, அதே வெளிச்சம்தான் பொய் விடியலையும் கீற்றுகளையும் மறைக்கிறது.

இன்னும் இருட்டு மிச்சமிருக்கும் இடம் செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்வெளி. மே 5, 6, 7 ஆகிய விடியல்களில் நான்கு மணிக்கு மேல் வரப்பில் கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் போதும். தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தைச் சுருக்கிவிடும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கீற்றுகள் கும்ப ராசிப் பக்கமிருந்து வரும். மேகம் மூடினால் மறுநாள் பார்க்கலாம், ஹாலியின் தூசு ஒரே இரவில் தீர்ந்துவிடாது. ஹாலி சூரியனை மறுபடி நெருங்குவது 2061 ஜூலை 28இல்.